கதிருக்குப் பின் ஒரு கரு

புற்றுநோயிலிருந்து மீண்ட ஆண்களைத் துரத்தும் இரண்டு கேள்விகளும், சிகிச்சைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியும்

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. ஆரிகன் மாநிலத்தின் தலைநகரம். அந்த ஊர்ச் சிறைச்சாலையில் 1963-ல் ஒரு விசித்திரமான கருவி வேலையைத் தொடங்கியது. கைதி அதன்மேல் குப்புறப் படுக்க வேண்டும். அவருடைய விரைகள் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறங்கியிருக்கும். அவை சுருங்கி மேலேறிவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். இரு பக்கமும் ஒரே மாதிரியான எக்ஸ்-ரே குழாய்கள். குறி தப்பாமல் இருக்கிறதா என்று பார்க்கத் துளைகளும் கண்ணாடிகளும்.

கார்ல் ஹெல்லர் என்ற ஹார்மோன் நிபுணர் நடத்திய இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அணுசக்தி ஆணையம். கதிர் பட்டால் ஆணின் விந்தணு உற்பத்திக்கு என்ன ஆகும் என்று அது அறிய விரும்பியது. பக்கத்து மாநிலமான வாஷிங்டனின் வாலா வாலா சிறையில் ஆல்வின் பால்சன் என்ற மருத்துவரும் இதே போன்ற சோதனையை நடத்தினார். இரண்டிலும் சேர்த்து 131 கைதிகள். அவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. விரையிலிருந்து திசு மாதிரிகள் எடுக்கப்பட்டன. கூடவே ஒரு நிபந்தனை: சோதனை முடிந்ததும் வாசக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளச் சம்மதிக்க வேண்டும். கதிர் பட்ட விந்தணுவால் மரபணுக் கோளாறுள்ள குழந்தை பிறந்துவிடுமோ என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

அதிபர் கிளின்டன் அமைத்த ஆலோசனைக் குழு, 1995-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த விவரங்களை எல்லாம் பொதுவெளியில் வைத்தது. இன்று எந்தப் புற்றுநோய் மருத்துவர் ‘இத்தனை அளவு கதிர் பட்டால், இத்தனை மாதத்தில் விந்தணு திரும்பும்’ என்று சொன்னாலும், அந்தக் கணக்கின் வேர் இந்தச் சிறைகளில் இருக்கிறது.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு, நம் மக்கள் பேச்சில் ‘கரன்ட் வைக்க’, போகும் ஒவ்வோர் இளைஞர் முன்னாலும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எனக்குக் குழந்தை பிறக்குமா? பிறந்தால் அது நல்லபடியாக இருக்குமா? முதல் கேள்விக்கு அந்தக் கைதிகளின் உடல் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்வியை வாசக்டமி கத்தரித்துவிட்டது. அதற்கான பதிலை உலகம் வேறு இடங்களில், வேறு வழிகளில் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடல் முக்கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அது காட்டும் உண்மை இதுதான்: மக்கள் அதிகம் பயப்படுவது இரண்டாவது கேள்விக்கு; உண்மையில் அதிகம் இழப்பது முதல் கேள்வியில். அந்த இழப்பில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

விரைக்குள் என்ன நடக்கிறது?

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாள் ஆகும். அதன்பின் விரைமேல் குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கி, நீந்தும் திறனைப் பெறுகிறது. ஆக, இன்று வெளிவரும் விந்தணு சுமார் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய ஒரு வேலையின் முடிவு. வேலையின் அடியில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பெருகி, பிரிந்து, படிப்படியாக விந்தணுவாக மாறுகின்றன.

கதிர்வீச்சு முதலில் அடிப்பது வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் இளம் செல்களை. 0.15 கிரே என்ற மிகச் சிறிய அளவே விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகச் சரிய வைக்கும். கிரே என்பது திசு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. புற்றுக்கட்டி ஒன்றை அழிக்க 50, 60, 70 கிரே என்று கொடுக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் விரை எவ்வளவு மென்மையானது என்பது புரியும்.

ஸ்டெம் செல்கள் கொஞ்சம் உறுதியானவை. நிற்கும் பயிர் வெள்ளத்தில் போனாலும் குதிரில் விதைநெல் இருந்தால் அடுத்த போகம் உண்டு என்பதைப் போல, அவை தப்பினால் உற்பத்தி திரும்பும். எத்தனை தப்பின என்பதைப் பொறுத்தே காத்திருக்கும் காலம். ஒரே தடவையில் 1 கிரே வரை பட்டவர்களுக்கு 9 முதல் 18 மாதத்தில் பழைய நிலை திரும்பியது. 2 முதல் 3 கிரே பட்டவர்களுக்கு இரண்டரை ஆண்டு. 4 கிரேக்கு மேல் போனால் ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ. 6 கிரேயைத் தாண்டினால் நிரந்தர மலட்டுத்தன்மைக்கே வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு முரண் உண்டு. உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்குக் கதிரைச் சிறு சிறு தவணையாகக் கொடுப்பது பாதுகாப்பு. இடைவெளியில் ஆரோக்கியமான செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். விரைக்கு இது நேர்மாறு. ஒரு தவணையில் தப்பிய ஸ்டெம் செல், இழப்பை ஈடுகட்டப் பிரியத் தொடங்கும் நேரத்தில் அடுத்த தவணை வந்து அடிக்கிறது. அதனால் ஒரே தடவையில் தாங்கக்கூடிய அளவைத் தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தால் சேதம் கூடுகிறது. புற்றுநோய் சிகிச்சை பெரும்பாலும் வாரக்கணக்கில் தவணைகளாகவே நடக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விந்தணு உற்பத்தி வேறு, ஆண்மை வேறு. ஆண் ஹார்மோனைச் சுரப்பது லேடிக் செல்கள். வயது வந்தவர்களில் அவை 20, 30 கிரே வரைகூடத் தாக்குப்பிடிக்கும். விந்தணு முழுவதும் நின்றுபோன ஒருவருக்கும் மீசை, குரல், இச்சை, தாம்பத்யம் எல்லாம் வழக்கம்போலவே இருக்கலாம். புராஸ்டேட் போன்ற இடுப்புப் பகுதிச் சிகிச்சையில் நரம்பும் ரத்தக் குழாயும் பாதிக்கப்பட்டு விறைப்புக் குறைபாடு வரக்கூடும். அது தனிப் பிரச்சினை, அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது.

எந்தப் புற்றுநோய், எவ்வளவு ஆபத்து?

‘கரன்ட்’ என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி பயப்படத் தேவையில்லை. கதிர் எங்கே பாய்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோயில் கதிர் படும் இடத்துக்கும் விரைக்கும் வெகு தூரம். சிதறி வந்து சேரும் அளவு மிகமிகக் குறைவு. ஆனால் அத்தோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. அது ரத்தத்தோடு எங்கும் போகும்.

மலக்குடல் புற்றுநோய் ஆபத்தான இடம். கதிர் பாயும் பகுதியின் விளிம்பு விரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நேரடியாகக் குறிவைக்காமலே சில கிரே சிதறி வந்துவிடும். புராஸ்டேட் சிகிச்சையில் இது ஓரிரு கிரே அளவு. விரைப் புற்றுநோயின் ஒரு வகையான செமினோமாவில் ஒரு விரையை அகற்றிய பிறகு வயிற்றின் நிணநீர் முடிச்சுகளுக்குக் கதிர் கொடுப்பதுண்டு. மிஞ்சிய ஒற்றை விரையைக் காக்க, சிப்பி போல மூடும் ஈயக் கவசம் ஒன்றைப் பொருத்துவார்கள். இப்போது செமினோமாவில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் பலரைக் கதிர் கொடுக்காமல் கண்காணிப்பிலேயே வைத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது.

எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் உடல் முழுவதும் கொடுக்கும் கதிர் கடுமையானது. அதைப் பெறும் ஆண்களில் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்புவதில்லை. ரத்தப் புற்றுநோய் விரையில் மறுபடி தலைதூக்கும் சிறுவர்களுக்கு நேரடியாக அங்கேயே 24 கிரே வரை கொடுக்க நேரும். அவர்களுக்கு ஹார்மோன் சுரப்பும் பாதிக்கப்படலாம்.

மூளைக் கட்டிக்குக் கொடுக்கும் கதிர் விரையைத் தொடுவதே இல்லை. ஆனால் விரைக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பியை அது முடக்கலாம். இந்த வகைக் குறையை மட்டும் ஹார்மோன் ஊசிகளால் பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். தைராய்டு புற்றுநோய்க்கு விழுங்கும் கதிரியக்க அயோடின் ஒரு தடவை என்றால் பாதிப்பு பெரும்பாலும் தற்காலிகமே; திரும்பத் திரும்பக் கொடுத்தால் அளவு சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. விரைப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா போன்ற நோய்களில் பலருக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கும். நோயே ஒரு காரணம். எல்லாப் பழியையும் கதிர்மேல் போட முடியாது.

விந்தணு சுமக்கும் காயம்

இரண்டாவது கேள்வியின் பயம் ஒரு ஈயிலிருந்து தொடங்கியது. 1927-ல் ஹெர்மன் முல்லர் ஆண் பழ ஈக்கள் மேல் எக்ஸ்-ரே பாய்ச்சி, அவற்றின் சந்ததியில் மரபணுப் பிறழ்வுகள் பல மடங்கு பெருகுவதைக் காட்டினார். 1946-ல் நோபல் பரிசும் பெற்றார். பிறகு ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ரசல் லட்சக்கணக்கான எலிகளை வைத்து அதையே சோதித்தார். பாலூட்டிகளிலும் கதிர் பிறழ்வை உண்டாக்கும் என்பது உறுதியானது. அதே அளவு கதிரை மெதுவாகக் கொடுத்தால் பிறழ்வு குறைகிறது என்பதையும் 1958-ல் அவர் கண்டார்.

மனித விந்தணுவில் இதைப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ இறுகச் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கும். நுண்ணோக்கியில் குரோமோசோம் தெரியாது. அதை விரிய வைக்க ஒரு விநோதமான வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளெலி இனத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டரின் கருமுட்டையை எடுத்து, அதன் வெளி உறையை நீக்கி, மனித விந்தணுவோடு சேர்ப்பார்கள். முட்டைக்குள் நுழைந்ததும் விந்தணு சுருளவிழ்ந்து தன் குரோமோசோம்களைக் காட்டும். கனடாவின் கால்கரியில் ரெனே மார்ட்டின் குழு 13 புற்றுநோயாளிகளிடம் கதிர்ச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து, 1986-ல் முடிவை வெளியிட்டது. விந்தணு திரும்பி வந்தவர்களிடம், குரோமோசோம் உடைந்தும் மாறியும் இருக்கும் விந்தணுக்கள் சிகிச்சைக்கு முன்பைவிடக் கூடியிருந்தன.

விரைப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஸ்வீடன் மருத்துவர்கள் டிஎன்ஏ இழைகள் எவ்வளவு துண்டாகியிருக்கின்றன என்று அளந்தார்கள். கதிர் பெற்றவர்களிடம் அந்த விகிதம் முதல் ஓரிரு ஆண்டு உயர்ந்து நின்றது. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் இயல்புக்குத் திரும்பியது.

முதிர்ந்த விந்தணுவுக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரியாது. எடையைக் குறைத்து நீந்துவதற்காக, பழுதுபார்க்கும் கருவிகளை எல்லாம் அது முன்பே கழற்றிப் போட்டுவிட்டது. ஸ்டெம் செல்லுக்கு அந்தத் திறமை இருக்கிறது. அது பழுதைச் சரிசெய்யும், முடியாவிட்டால் செத்துப்போகும். எனவே சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த முதல் சில மாதங்களிலும் வெளிவரும் விந்தணுக்கள்தான் அதிகக் காயத்தைச் சுமக்கின்றன. பிறகு வருபவை, தப்பிப் பிழைத்த ஸ்டெம் செல்லிலிருந்து புதிதாகப் பிறந்தவை.

காத்திருக்கச் சொல்வது இதனால்தான். கதிர்ச் சிகிச்சை முடிந்தபின் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான மருத்துவர்கள் ஓராண்டு, சிலர் இரண்டாண்டு வரை கருத்தடையோடு இருக்கச் சொல்கிறார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டதே, கரு எங்கே தங்கப்போகிறது என்று அசட்டையாக இருக்கக் கூடாது. கதிர் பட்ட முதல் வாரங்களில் விந்தில் பழைய அணுக்கள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

குழந்தைகளே சாட்சி

காயம்பட்ட விந்தணு இருப்பது உண்மை. அந்தக் காயம் குழந்தைக்குப் போகிறதா?

முதல் பெரிய பதில் ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்து வந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஐந்தாம் மாதம் தொடங்கிய கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் உண்டு. அந்த ரேஷன் பதிவைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் குழுவினர் 1948 முதல் 1954 வரை பிறந்த ஏறத்தாழ 77,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பெற்றோர் வாங்கிய கதிருக்கும் பிறவிக் குறைகளுக்கும் தெளிவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. உலகம் எதிர்பார்த்தது வேறு. வந்த விடை வேறு.

புற்றுநோய் சிகிச்சையில் விரை வாங்கும் அளவு இன்னும் அதிகமாக இருக்கலாம். அந்தக் கேள்விக்கு, சிறுவயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் அமெரிக்க, கனடிய ஆய்வு 2012-ல் பதில் சொன்னது. அவர்களுக்குப் பிறந்த 4,699 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். தந்தைக்கு விரையில் கதிரோ, டிஎன்ஏவைத் தாக்கும் கீமோவோ பட்டிருந்த குழந்தைகளில் பிறவிக் குறை 1.9 சதவீதம். படாதவர்களின் குழந்தைகளில் 1.7 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் புள்ளியியலில் மதிப்பில்லை.

டென்மார்க், ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வு கொஞ்சம் கவலை தந்தது. புற்றுநோய் கண்ட ஆண்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைகள் 3.7 சதவீதம், மற்றவர்களில் 3.2 சதவீதம். காரணம் சிகிச்சையா? 2019-ல் ஸ்வீடனில் விரைப் புற்றுநோய்த் தந்தையரை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் உருவான குழந்தைகளோடு ஒப்பிட்டால், பின் உருவான குழந்தைகளுக்குக் கதிராலோ கீமோவாலோ கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது.

மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் காலம் வந்ததும் விடை இன்னும் துல்லியமானது. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய பிறழ்வுகளோடுதான் பிறக்கிறது. அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் தந்தை வழி. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் ஒன்றிரண்டு பிறழ்வும் கூடும். செர்னோபில் கதிருக்கு ஆளானவர்களின் 130 பிள்ளைகளுடைய முழு மரபணுத் தொகுதியும் 2021-ல் படிக்கப்பட்டது. புதிய பிறழ்வுகளின் எண்ணிக்கை கூடியிருக்கவில்லை. 2022-ல் பிரிட்டனில் சுமார் 21,000 குடும்பங்களின் மரபணுவை அலசியபோது, வழக்கத்தைவிடப் பல மடங்கு பிறழ்வு கொண்ட ஒரு சிலர் கிடைத்தார்கள். அவர்களில் சிலரின் தந்தையர் கரு உருவாகும் முன் கீமோ பெற்றவர்கள். ஆக, விதிவிலக்குகள் இருக்கின்றன, அவையும் அரிதானவை.

காயம்பட்ட விந்தணு எங்கே போகிறது? பல, முட்டையை அடைவதில்லை. அடைந்தால், முட்டை தன் சொந்தக் கருவிகளால் ஓரளவு பழுதைச் சரிசெய்கிறது. சரிசெய்ய முடியாத கருக்கள் பெண்ணுக்கே தெரியாமல் முதல் நாட்களில் கலைந்துவிடுகின்றன. ஆபத்து பூச்சியம் என்று எந்த விஞ்ஞானியும் எழுதித் தரமாட்டார். ஆனால் இத்தனை ஆயிரம் குழந்தைகளில் தேடியும் தெளிவாகக் கண்ணில் படாத ஆபத்து சிறியதாகத்தான் இருக்க முடியும். கதிர்ச் சிகிச்சை பெற்று, சொன்ன காலம் காத்திருந்த ஒருவரைக் ‘குழந்தை ஊனமாகப் பிறக்கும்’ என்று பயமுறுத்துவதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அதைச் சொல்லிப் பெண் கொடுக்க மறுப்பதற்கும்தான்.

அரை நாள் வேலை

முதல் கேள்விக்கு வருவோம். விந்தணுவைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துப் பாதுகாக்கலாம். உறைந்த விந்தணுவால் மனிதக் கரு உருவான செய்தி 1953-லேயே வந்துவிட்டது. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் இருந்து வந்த, விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை இன்னும் பெரிய கதவைத் திறந்தது: ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும். கோடிக்கணக்கில் தேவை என்ற நிலை மாறிவிட்டதால், எண்ணிக்கை குறைந்த நோயாளிகூடச் சேமித்து வைப்பதில் பொருளிருக்கிறது.

பிரிட்டனின் மான்செஸ்டரில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு விரைப் புற்றுநோய். சிகிச்சைக்கு முன், 1979-ல், அவனுடைய விந்தணுவை உறையவைத்தார்கள். அப்போது இக்ஸி என்ற ஒன்றே உலகில் இல்லை. 21 ஆண்டு கழித்து அதை உருக்கி, அந்த முறையில் கரு உருவாக்கினார்கள். 2002-ல் ஆரோக்கியமான ஆண் குழந்தை பிறந்தது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1996-ல் கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமித்தார். அதிலிருந்து மூன்று குழந்தைகள். 2009-ல் அவருக்குச் சேமிப்பின் உதவியின்றி இயற்கையாகவே இன்னொரு குழந்தை பிறந்தது.

நேரம்தான் முக்கியம். முதல் தவணைக் கதிருக்கும், முதல் பாட்டில் கீமோவுக்கும் முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். தொடங்கியபின் கொடுத்தால் காயம்பட்ட விந்தணுவையே சேமித்தவர்களாவோம். ஒரு மாதிரி கொடுக்க அரை நாள் போதும். இரண்டு மூன்று மாதிரி கொடுத்தாலும் பெரும்பாலான புற்றுநோய்களில் சிகிச்சை தள்ளிப்போகாது.

சேமிக்காமல் விட்டவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபடவில்லை. விந்தில் அணுவே இல்லாதவர்களின் விரைத் திசுவை நுண்ணோக்கி வழியே தேடினால் சில இடங்களில் உற்பத்தி நடந்துகொண்டிருக்கலாம். கீமோவுக்குப் பிந்தைய நோயாளிகளிடம் நியூயார்க்கில் செய்த இத்தகைய அறுவை சிகிச்சைகளில் 37 சதவீதத்தினருக்கு விந்தணு கிடைத்தது. பருவம் எய்தாத சிறுவர்களின் நிலைதான் கடினம். அவர்களிடம் சேமிக்க விந்தணுவே இல்லை. விரைத் திசுவில் சிறு துண்டை உறையவைக்கும் முறை ஆய்வு நிலையில் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி உறையவைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி, அதிலிருந்து ஒரு குரங்குக் குட்டி பிறந்ததை 2019-ல் அறிவித்தார்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-ன் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி இந்தியாவில் ஆணுக்கு இந்தச் சேவை 21 வயதுக்கு மேல், 55 வயதுக்குள். டெல்லியில் மணமாகாத 30 வயது இளைஞர் ஒருவர் 2020-ல் லிம்ஃபோமா சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்துவிட்டு, சில மாதத்தில் இறந்துபோனார். மருத்துவமனை அதைக் கொடுக்க மறுத்தது. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2024 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் அவர்களிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. படிவத்தில் கையெழுத்திடும்போதே, தனக்கு ஏதாவது ஆனால் சேமிப்பு என்னவாக வேண்டும் என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் விரைக்கு எத்தனை கிரே வந்து சேரும்? அளவிட்டுச் சொல்ல முடியுமா?

• ஈயக் கவசமோ, கதிர் பாயும் கோணத்தில் மாற்றமோ சாத்தியமா?

• கூடவே கொடுக்கும் கீமோ மருந்து எது? அது விந்தணுவை எவ்வளவு பாதிக்கும்?

• சிகிச்சை தொடங்கும் முன் விந்தணு சேமிக்க எத்தனை நாள் கிடைக்கும்? எங்கே போக வேண்டும்? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு?

• முடிந்தபின் எத்தனை மாதம் கருத்தடை வேண்டும்? முதல் விந்துப் பரிசோதனை எப்போது?

இந்தக் கேள்விகள் நம் மருத்துவமனைகளில் ஏன் எழுவதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மருத்துவர் அறையில் பையனோடு அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ‘உயிர் பிழைத்தால் போதும் சார்’ என்பதே அவர்களுடைய முதல் வார்த்தை. அதற்கு நடுவில் விந்தணு பற்றிப் பேச மருத்துவருக்கும் தயக்கம், கேட்கப் பையனுக்கும் கூச்சம். நோயைக் கண்டுபிடித்த அதிர்ச்சியில் ஒரு வாரம் ஓடிவிடும்; அதற்குள் முதல் தவணை தொடங்கிவிடும்.

வெட்கத்தை ஒரே நாளில் போக்க முடியாது. நடைமுறையை மாற்ற முடியும். ரத்த வகை, சர்க்கரை, ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டில் நிரப்பும் கட்டங்களோடு இன்னொரு கட்டம் இருக்கட்டும்: ‘விந்தணு சேமிப்பு பற்றிச் சொல்லப்பட்டது: ஆம் / இல்லை’. அதை நிரப்பாமல் கதிர் அறைக்கு அனுப்புவதில்லை என்ற விதி இருந்தால், கூச்சப்படும் நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை. தயங்கும் மருத்துவர் பேச்சைத் தொடங்க வழி தேட வேண்டியதில்லை. உறவினர்களைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பையனிடம் மட்டும் கேட்டால் போதும். வேண்டாம் என்று அவர் சொல்லலாம். அது அவருடைய முடிவாக இருக்கும்.